தனாவின் கையில் சாவி

என் மாமனார் செங்கோட்டையனுக்கு நாமக்கல் பக்கம் இரண்டு கோழிப்பண்ணை இருக்கிறது. ஆனாலும் இறக்கம் வந்தால் ஆம்னி வேனின் இன்ஜினை அணைத்துவிடுவார். மொபெட் ஓட்டிய காலத்துப் பழக்கம். "தானா உருண்டு போற வண்டிக்கு எதுக்குக் கண்ணு பெட்ரோலு?" என்பார். ஹேண்ட்பிரேக் கேபிள் அறுந்து இரண்டு வருடம் ஆகிறது. அதை மாற்றாமல், நிறுத்தும்போது சக்கரத்துக்கு அடைகொடுக்க ஒரு கருங்கல்லைப் பின்சீட்டுக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறார்.

சாவி திருப்பும் வேலையை ஆறு வயது என் மகள் தனப்பிரியாவிடம் கொடுத்துவிட்டார். மடியில் உட்காரவைத்து, "இறக்கம் வந்திருச்சு, அமத்து சாமி" என்பார். அவள் அணைப்பாள். சமதளம் வந்ததும் மறுபடி போடுவாள். "எங்க அப்பாரு வண்டிய நாந்தான் ஓட்டறேன்" என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டாள். தாத்தாவை அப்பாரு என்றுதான் கூப்பிடுவாள்.

நான் போன வருடம் டிரைவிங் ஸ்கூல் போய் லைசென்ஸ் எடுத்தவள். இன்ஜின் அணைந்தால் இரண்டு மிதியில் பிரேக் இறுகிவிடும், சாவி வெளியே வந்தால் ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். அதை வீட்டில் சொன்னேன். "நாப்பது வருசமா ஓட்டறவனுக்கு ஒரு மாசம் படிச்சவ பாடம் நடத்தறா பாரு" என்று மாமா சிரித்தார். என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். நானும் வாயை மூடிக்கொண்டேன். மருமகள் மரியாதையாம்! நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

ஒரு நாள் காலை எடப்பாடியில் ஒரு புதுமனை புகுவிழாவுக்கு மாமா, தனா, நான் மூன்று பேரும் கிளம்பினோம். வழியில் ஓர் ஏரிக்கரை இறக்கம். நேராக இறங்கி, அடியில் சட்டென்று இடதுபக்கம் வளையும். வளைவுக்கு நேர் எதிரே பஸ் ஸ்டாப். நான்கு பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தியின் இடுப்பில் கைக்குழந்தை.

"அமத்து சாமி."

தனா திருப்பினாள். இருபது வருடம் தேய்ந்த சாவி. திருப்பிய வேகத்தில் கையோடு வந்துவிட்டது. "அப்பாரு, வந்துருச்சு!" என்று தூக்கிக் காட்டிச் சிரித்தாள்.

மாமா ஸ்டீரிங்கை இடதுபக்கம் ஒடித்தார். டக்கென்று ஒரு சத்தம். அதன்பிறகு ஸ்டீரிங் அசையவில்லை. பிரேக்கை மிதித்தார், மறுபடி மிதித்தார், மூன்றாம் மிதிக்குக் கால் கீழே போகவே இல்லை. "ஐயோ கண்ணு, திரும்ப மாட்டேங்குது! புடிக்க மாட்டேங்குது!" வண்டி நேராகப் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து இறங்கியது.

"சாவியக் குடுடீ!" என்று கத்தினேன். அதுதான் நான் செய்த தவறு. அடி விழப்போகிறது என்று பயந்து, தனா சாவியை நெஞ்சோடு சேர்த்து மூடிக்கொண்டாள். சாவித் துவாரம் ஸ்டீரிங்குக்கு அந்தப் பக்கம். இடதுபக்க சீட்டில் இருந்த எனக்கு எட்டாது. மாமாவின் இரண்டு கையும் ஸ்டீரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. பெண்கள் இன்னும் எங்களைக் கவனிக்கவில்லை.

எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை. சோறு ஊட்டும்போது பேசுகிற குரலில் சொன்னேன். "தனாக்கண்ணு, அம்மா அடிக்க மாட்டேன். நீ தெனமும் போடுவீல்ல, அதே மாதிரி சாவியப் போடு சாமி."

போட்டாள். "அம்மா, திரும்பல..."

"மாமா, கையத் தளர்த்துங்க! இறுக்கிப் புடிச்சா சாவி திரும்பாதுங்க!"

அவர் விடவில்லை. நாற்பது வருடப் பிடி. ஓங்கி அவர் மணிக்கட்டில் அடித்தேன். கை தளர்ந்தது. தனா திருப்பினாள். ஸ்டீரிங் விடுபட்டது.

"இப்ப ஒடிங்க! ரெண்டு காலாலயும் பிரேக்க மிதிங்க!"

வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஏரிக்கரை மண்ணில் இழுத்துக்கொண்டு போய் நின்றது. பஸ் ஸ்டாப்புக்கும் எங்களுக்கும் நடுவே நாலு எட்டுகூட இருக்காது. குழந்தை வைத்திருந்தவள் சுவரோடு ஒட்டி நின்று, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். அத்தனை வசவும் எங்களுக்குத் தகும்.

மாமா இறங்கினார். கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு வைக்கக் குனிந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. "பின்னாடி உக்காருங்க" என்றேன். என் கையைப் பிடித்து எழுந்து ஏறினார். தனாவைத் தூக்கி அவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, முதல் தடவையாக அந்த வண்டியை நான் எடுத்தேன்.

அடுத்த இறக்கம் ஒரு பாலத்தில் வந்தது. வழக்கமாகக் கேட்கும் குரல் கேட்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். தனா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கி உட்கார்ந்திருந்தாள்.

மாமாவும் பார்த்துவிட்டார். "கைய எடு சாமி" என்றார். "உன்ற மேல தப்பில்ல. அப்பாரு பண்ணுன தப்பு."

"அப்பறம் ஏன் என்னையத் திருப்பச் சொன்னீங்க?"

அந்தக் கேள்வி எனக்கும்தான். நானும்தானே தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது கியருக்கு மாற்றி, மெதுவாகப் பாலத்தை விட்டு இறங்கினேன். அவள் கடைசிவரை கையை எடுக்கவில்லை.