துணிக்கடைக்குள் இறங்கிய பந்து

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, பின்னால் இருப்பவர்களுக்கும் இடம் விடுங்கள். பஞ்சர் கடைக்காரி உதைத்த பந்து தரைக்கு வர முப்பத்தொரு வருஷம் ஆனது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

கடைவீதியில் தூண் வைத்த பழைய கட்டடங்களுக்கு நடுவே அப்போது ஒரு மைதானம் இருந்தது. கோப்பை ஜெயித்த அணியின் பெயரை வீதி முனைக் கல் வளைவில் செதுக்குவது ஊர் வழக்கம். அந்த வருஷம் பெண்கள் இறுதியாட்டத்துக்கு முந்தின நாளே மில் முதலாளியின் அணியைச் செதுக்கி முடித்துவிட்டார்கள். கல்தச்சருக்கு வேறு வேலை இருந்ததாம். எதிரணி பஞ்சர் கடைக்காரியும் அவள் நாத்தனார்களும் அக்கம்பக்கத்துப் பெண்களும். அவர்களுக்காக யார் உளியை நிறுத்தி வைப்பார்கள்?

சமன் என்றால் போன வருஷம் ஜெயித்த மில் அணிக்கே கோப்பை. ஆட்டம் சமனில் இருந்த கடைசி நேரத்தில் பஞ்சர் கடைக்காரி நடுக்கோட்டிலிருந்து உதைத்தாள். பந்து கோலை நோக்கி உயரமாய்ப் போனது. நடுவர் முதலாளியின் மாப்பிள்ளை. ஆட்டம் முடிந்ததென்று விசில் ஊதினார். பந்து அந்தரத்தில் நின்றது.

“என்ன மாப்பிள்ளை, பஸ்ஸுக்கு நேரமாச்சா? பந்து போய்க்கிட்டு இருக்குல்ல?” என்று பஞ்சர் கடைக்காரி கத்தினாள்.

“கீழ வரட்டும்மா. வந்தா கோல்னு நானே சொல்றேன்” என்றார் நடுவர். முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஆனால் பந்து நின்றுவிடவில்லை. சுவரில் பாசி ஏறுகிற வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. முதலாளி மைதானத்தை வளைத்துப்போட்டு, கோல் கம்பம் இருந்த இடத்திலேயே நாலு மாடித் துணிக்கடை எழுப்பினார். பந்து போகிற வழியில் மட்டும் சுவரும் நிற்கவில்லை, தளமும் நிற்கவில்லை. சிமெண்டைக் கூடுதலாய்க் குழைத்தார்கள், இரும்புத் தகடு அடித்தார்கள். விடிந்தால் பந்தளவு ஓட்டை. கடைசியில் பொறியாளர் வரைபடத்திலேயே ஓட்டையைப் போட்டு, சுற்றிப் பித்தளை வளையமும் வைத்துக் கொடுத்தார். இரண்டாம் மாடியில் போர்வை மடிக்கிற பெண்கள் தலையைக் குனிந்து போகப் பழகிக்கொண்டார்கள்.

பஞ்சர் கடைக்காரிக்குக் கோபம் ஆறவில்லை. பேரன் பேத்தி எடுத்தவளுக்கு இன்னுமா என்றது ஊர். தினமும் கிரீஸ் கையோடு வந்து பந்தைப் பார்ப்பாள், தொடமாட்டாள். கை பட்டால் ஃபவுல். பந்து முதல் மாடியில் இருந்தபோது பெரிய நாத்தனார் செத்துப்போனாள். அன்றைக்கு இவள் நடுவர் வீட்டு வாசலில் நின்று கத்தினாள்: “அவ கோலைப் பாக்காமயே போயிட்டாய்யா! உனக்கு மட்டும் எப்படிச் சோறு இறங்குது?” உள்ளே ஜன்னலைச் சாத்தினார்கள்.

போன கோடையில் பந்து கீழ்த்தளத்துக்கு வந்தது. பழைய கோல்கோடு இப்போது பில் போடுகிற மேசைக்கும் சட்டை மாட்டிய கம்பிக்கும் நடுவில் போகிறது. நடுவரைச் சக்கர நாற்காலியில் வைத்து அவளே தள்ளிக்கொண்டு வந்தாள். பந்து கோட்டைத் தாண்டிப் பொத்தென்று விழுந்தது.

“கோல்” என்றார் நடுவர், வாய்க்குள்.

“சத்தமா.”

“கோல்.”

“தெருவுக்குக் கேக்கலை. அன்னிக்கு விசில் மட்டும் கேட்டுச்சே?”

கிழவர் மூச்சைப் பிடித்துக் கத்தினார். வீதியில் வண்டிகள் நின்றன. அவள் சிரிக்கவில்லை. “இந்த ஒத்த வார்த்தைக்கா இத்தனை வருஷம்!” என்று திட்டிக்கொண்டே டயர் மாட்டப் போய்விட்டாள். பந்து விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. பில் போட நிற்பவர்கள் அதைச் சுற்றி வளைந்து வரிசை கட்டுகிறார்கள்.

நல்லா இருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பெண்கள் உதைக்கிற பந்து அன்றைக்கே தரையைத் தொடட்டும்.