கொட்டு நின்ற பத்து நிமிடம்

கேத வீட்டில் கொட்டுச் சத்தத்தை நிறுத்தச் சொன்ன முதல் ஆள் அபிராமத்தில் முருகலட்சுமியாகத்தான் இருப்பாள். "அண்ணே, பத்தே நிமிசம்" என்று செல்லச்சாமியின் கொட்டு மேலேயே கையை வைத்துவிட்டாள்.

சித்தப்பா மருதுபாண்டி பந்தலிலிருந்து பாய்ந்து வந்தார்.

"ஏத்தா, கிறுக்குப் புடிச்சிருச்சா? ஒன்னப் பெத்த அய்யா ஐஸ் பெட்டியில கெடக்காரு. ஊரே பாக்குது."

"மூணு மணிக்கு மெட்ராஸ்லருந்து கூப்பிடுவாக சித்தப்பா. இந்தச் சத்தத்துல என்னத்தப் பேச?"

"இன்னிக்கேதான் பேசணுமா?"

"இன்னிக்கு விட்டா வேற ஆளுகளுக்குக் குடுத்துருவாக."

செல்லச்சாமி குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "பத்து நிமிசந்தானய்யா. நாங்களும் ஒரு டீ குடிச்சுக்கிறோம்."

கொட்டு நின்றதும் பெண்களின் ஒப்பாரியும் தானாக நின்றுபோனது. என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் தம்பி வினோத்குமார் மதுரை ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்றுநோயில் போனான். ஒன்பது வயது. பக்கத்துக் கட்டிலில் கிடந்த புதுமடம் ஊர்ப் பையன் தவ்ஃபீக் நாற்பது நாள் கழித்துப் போனான். மகன் பேரில் அய்யா காளிதாஸ் ஒரு அறக்கட்டளை வைத்தார். தவ்ஃபீக்கின் அம்மா ஜுனைதா தன் மகன் பேரில் ஒன்று வைத்தார். தனித்தனியாக இருந்தவரை வார்டுப் பிள்ளைகளுக்குப் பாலும் பஸ் செலவும்தான் தர முடிந்தது. குணமான பிள்ளைகளுக்கு நோய் ஏன் திரும்ப வருகிறது என்று கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக்கு அது எந்த மூலைக்கு? இந்த வருடம் இருவரும் சேர்ந்தார்கள். நீங்கள் சேர்ந்து வந்தால் நாங்களும் அதே அளவு பணம் போடப் பார்க்கிறோம் என்று சென்னை அறக்கட்டளை ஒன்று சொல்லியிருந்தது. அந்த முடிவுதான் இன்றைக்கு. அய்யாவின் நெஞ்சுத் துடிப்பு விடியற்காலை ஐந்து மணிக்கு நின்றுவிட்டது.

அடுப்பு எரியாத சமையலறையில், எண்ணெய் டின்னில் செல்போனைச் சாய்த்து வைத்தாள். கேதத்துக்கு வந்திருந்த ஜுனைதாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். பரீட்சை ரிசல்ட் பார்க்கிற படபடப்பு முருகலட்சுமிக்கு. அய்யா செத்த அன்றைக்கு இப்படி ஒரு ஆசையா என்று வெட்கமாகவும் இருந்தது.

திரையில் ஐந்து முகங்கள். நடுவிலிருந்த டாக்டரம்மா, "காளிதாஸ் சார் எங்க?" என்றார்.

"வாசல்ல இருக்காக மேடம்." முருகலட்சுமியின் வாய் முந்திக்கொண்டது.

"வரச் சொல்லுங்களேன். அவர்தான் முதல்ல பேசணும்னு சொல்லியிருந்தார்."

ஜுனைதா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணன் காலையில மௌத்தாயிட்டாங்கம்மா. கையெழுத்து நேத்தே போட்டுட்டாங்க. இது அவங்க மக, செயலாளரு. நாங்க ரெண்டு பேரும் பேசுறோம்."

திரையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னிக்கு எப்படிம்மா உங்களால..." என்று டாக்டரம்மா இழுத்தார்.

"இந்த மீட்டிங்குக்குன்னு புதுச்சட்டை எடுத்து வச்சிருந்தாக மேடம். அதத்தான் போட்டுவிட்டிருக்கோம்."

அப்புறம் பேசினாள். அய்யா ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தது அவளுக்கு மனப்பாடம். தம்பியின் பெயர் வந்த இடத்தில் அவள் நின்றுவிட, ஜுனைதா அங்கிருந்து எடுத்துக்கொண்டார்.

திரையில் இருந்தவர்கள் சத்தத்தை அணைத்துவிட்டுத் தங்களுக்குள் பேசினார்கள். முருகலட்சுமி உதடுகளையே பார்த்தாள். ஒருவர் தலையாட்டினார். இன்னொருவர் இல்லை என்பதுபோல் கையசைத்தார். வாசலில் யாரோ இருமினார்கள்.

"சேர்ந்தே செய்யறோம்மா," என்றார் டாக்டரம்மா. "அடுத்த மாசம் வேலை தொடங்கும்."

ஜுனைதா, "அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்ணை மூடினார். முருகலட்சுமிக்குக் கூவ வேண்டும்போல் வந்தது. துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

வெளியே வந்தபோது, பெட்டியருகே இருந்த அம்மா ராக்கு நிமிர்ந்து பார்த்தாள். முருகலட்சுமி தலையசைத்தாள். ராக்கு சற்று நகர்ந்து ஜுனைதாவுக்கு இடம் விட்டாள்.

"அடிக்கலாமாம்மா?" என்றார் செல்லச்சாமி.

"நல்லா அடிங்கண்ணே."

பந்தல் அதிர்ந்தது. ஐஸ் பெட்டிக் கண்ணாடியின் மேல், அய்யாவின் புதுச்சட்டைக்கு நேராகக் கிடந்த ரோஜா இதழ்கள் அடிக்கு அடி துள்ளின. ராக்கு அவற்றைத் தள்ளிவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.