மஞ்சள் நம்பர் பிளேட்

பறவையின் கண் ஷார்ப்பாக இல்லையென்றால் அது எனக்குப் படமே இல்லை. எடுத்த இடத்திலேயே அழித்துவிடுவேன், இரக்கமே கிடையாது. பெரும்பாக்கம் சதுப்பில் விடிகாலையில் கூடுகிற எங்கள் ஆட்கள் யாராவது ஆசையாகத் தங்கள் படத்தைக் காட்டினால், முதலில் கண்ணைத்தான் பெரிதாக்கிப் பார்ப்பேன். கொஞ்சம் மங்கியிருந்தாலும், "இதை வெச்சுக்கிட்டு என்ன சார் பண்ணப் போறீங்க?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவேன். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. "இந்த வாய்க்கு ஒருநாள் நல்லா வாங்கிக் கட்டிக்கப் போறீங்க" என்பாள் என் மனைவி திரிபுரசுந்தரி. அந்த நாள் போன சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு வந்தது.

அன்று பஞ்சுருட்டான்களுக்காகப் போயிருந்தேன். பச்சை நிறச் சின்னப் பறவை. கம்பியிலிருந்து சட்டென்று பாயும், பூச்சியைக் கவ்விக்கொண்டு அதே கம்பிக்குத் திரும்பும். நான் வழக்கமாக வைக்கும் செட்டிங் அந்த வேகத்துக்கு ஒத்துவரவில்லை. என் வழக்கம் இதுதான்: கேமராவிடம் 'பறவையை மட்டும் தேடு' என்று சொல்லிவிடுவேன். பிடித்த பறவையை விடாதபடி ஃபோகஸையும் இறுக்கி வைப்பேன். அப்புறம் எதிரே யானையே நின்றாலும் அது பறவையின் கண்ணை விடாது. அன்று சோதித்துப் பார்க்கலாமே என்று பறவைத் தேடலை அணைத்தேன், பிடியையும் தளர்த்தினேன். அப்படி வைத்தால், எது பளிச்சென்று தெரிகிறதோ அதற்குக் கேமரா தாவும்.

தாவித் தொலைத்தது. பறவை பாய்ந்தபோது நாற்பது படம் சுட்டேன். திரையில் பார்த்தால் எல்லாவற்றிலும் பறவை வெறும் பச்சைத் தீற்றல். பின்னால் ஏதோ ஒரு மஞ்சள் கட்டத்தில் ஃபோகஸ் போய் உட்கார்ந்திருந்தது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே அழித்தேன். முப்பது போயிருக்கும். அது என்ன சனியன் மஞ்சள் என்று ஒன்றை மட்டும் பெரிதாக்கினேன்.

நம்பர் பிளேட். அதற்கு மேலே கழிவுநீர் லாரியின் பின்பக்கம். தடித்த குழாய் ஒன்று கோரைக்குள் இறங்கியிருக்க, அதன் வாயிலிருந்து கறுப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது. கடைசி நான்கு எண்கள் 6174.

நிமிர்ந்து பார்த்தேன். தூரத்தில் கரை மேல் அந்த லாரி கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. அது எங்கள் லாரி. மேடவாக்கத்தில் நூற்றிருபது வீடுகள் கொண்ட எங்கள் அபார்ட்மெண்டுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு கிடையாது. வாரத்துக்கு மூன்று தடவை அந்த லாரி வந்து தொட்டியைக் காலி செய்துவிட்டுப் போகும். சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோவதாகக் காண்டிராக்டர் கொடுக்கும் சீட்டில் நம்பரைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுபவன், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ஷ்யாம்சுந்தர், அதாவது நான்.

ஆனால் என்னை அப்படியே வரப்பில் உட்கார வைத்தது அதுவல்ல. நினைவில் வந்த அசரியாவின் முகம்.

அசரியா தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சாதுவான மனுஷன். இரண்டு வருஷமாக என்னோடு பறவை பார்க்க வந்துகொண்டிருந்தார். டிசம்பரில் ஒருநாள் தனியாகப் போனவர், மூச்சு வாங்க என் வீட்டுக்கு வந்தார். "சார், நம்ம சதுப்புல கழிவைக் கொட்டுறது உங்க அபார்ட்மெண்ட் லாரிதான். 6174. கணக்குல பேர்போன நம்பர் அது, கணக்கு வாத்தியார் எவனும் மறக்க மாட்டான் சார்" என்றார். படத்தைக் காட்டச் சொன்னேன். நான்கு படம். நான்கிலும் குறுக்கே பறந்த ஒரு கொக்கின் கண் ஊசி முனையாகத் தெரிந்தது. பின்னால் லாரி வெறும் மங்கிய புகை.

"நம்பர் மனசுல இருந்தா போதாது அசரியா, போட்டோல இருக்கணும்" என்றேன். எங்கள் வீட்டுக்கு வரும்போது வாசலில் அந்த லாரியைப் பார்த்திருப்பார், அதையும் இதையும் குழப்பிக்கொண்டார் என்றே நம்பினேன். அவரோ பறவைக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் நம்பரோடு எழுதிவிட்டார். காண்டிராக்டர் அவருடைய பள்ளிக்கூட வாசலுக்கே போய், பிள்ளைகள் முன்னால் கத்தினான். பிரச்சினையை முடித்து வைக்கிறேன் பேர்வழி என்று நானே ஒரு மன்னிப்புக் கடிதம் தயாரித்தேன். 'ஆதாரமில்லாமல் அவதூறு சொன்னேன்' என்று அதில் எழுதியவன் நான். அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அதைக் குழுவில் போட்டவனும் நான்தான்.

அந்தக் கடிதம் எப்படியோ பள்ளி நிர்வாகத்தின் கைக்குப் போய்விட்டது. வீண்பழி சுமத்துகிறவர் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாமா என்று விசாரணை வைத்தார்கள். வருகிற திங்கட்கிழமை அவர் கமிட்டி முன்னால் நிற்க வேண்டும். வேலை போனாலும் போகலாம் என்று கேள்விப்பட்டபோது, "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல" என்று சுந்தரியிடம் சொன்னேன். அதையும் நான்தான் சொன்னேன்.

மிச்சமிருந்த பத்துப் படங்களை என் விரலே அழித்துவிடுமோ என்று பயந்து மெமரி கார்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இத்தனை மாதங்களில் பின்னணியில் ஃபோகஸ் போய்விட்டதென்று எத்தனை படங்களை அழித்திருப்பேன்? அவற்றில் எத்தனையில் இந்த லாரி நின்றிருக்கும்? ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே பம்மலுக்குப் போனேன்.

கதவைத் திறந்தது அசரியாவின் மனைவி கிருபா. எப்போதும் "வாங்கண்ணா" என்பவள் அன்று ஒன்றும் சொல்லாமல் வழிவிட்டாள். அசரியா லுங்கியோடு தரையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். கார்டைப் போட்டுக் கேமராவை நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தார். பெரிதாக்கினார்.

"பறவை ஃபோகஸ்ல இல்லையே சார்" என்றார்.

குத்திக்காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நான் பழக்கிவிட்ட பழக்கம், அந்த மனுஷன் முதலில் கண்ணைத்தான் தேடியிருக்கிறார். அப்புறம்தான் எண்களுக்கு வந்தார். "ஆறு, ஒண்ணு, ஏழு, நாலு" என்று முணுமுணுத்தார். கிருபா ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

"உங்க கேமரா எங்க?" என்று கேட்டேன். ஒரு சந்தேகம் என்னைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது.

பீரோ மேலிருந்து பையை இறக்கினார். தூசு படிந்திருந்தது. கேமராவை ஆன் செய்து மெனுவுக்குப் போனேன். தேடல்: பறவை மட்டும். பிடி: கடைசி வரை இறுக்கம். போன தீபாவளி சமயத்தில் நான் வைத்துக் கொடுத்தது, அப்படியே இருந்தது. அந்தக் கேமராவை லாரியின் மூக்குக்கு நேரே நீட்டியிருந்தாலும், ஒரு கொக்கு பறந்தால் அது கொக்கைத்தான் பிடித்திருக்கும். நம்பரை மங்க வைத்தது அவருடைய கை அல்ல. என்னுடையது.

"ஏன் அசரியா, லாரியை எடுக்கும்போதாவது இதை மாத்தியிருக்கக் கூடாதா?" என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

"தொடாதீங்கன்னு சொன்னீங்களே சார்" என்றார். "இன்னிக்கு வரைக்கும் தொடல."

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். மன்னிப்பு என்ற வார்த்தையே கூசியது. அவரிடமிருந்து அதை எழுதி வாங்கியவன் அல்லவா நான்.

"ஒரு வெள்ளைத்தாள் குடுங்க" என்றேன். அவர் விடைத்தாள் கட்டிலிருந்து எழுதாத தாள் ஒன்றை உருவிக் கொடுத்தார், தன் சிவப்புப் பேனாவையும் கொடுத்தார். வேறு பேனா கேட்கத் தோன்றவில்லை. பள்ளித் தாளாளர் அவர்களுக்கு என்று ஆரம்பித்தேன். 'ஆசிரியர் அசரியா சொன்னது உண்மை. லாரி எங்களுடையது. அவர் பேரில் வந்த மன்னிப்புக் கடிதத்தை எழுதியவன் நான்' என்று எழுதினேன். கீழே பெயரை எழுதி, செயலாளர் என்ற பதவியையும் எழுதினேன்.

அசரியா தாளை வாங்கி ஒரு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, எங்கே கையெழுத்துப் போட மறந்தேனோ அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.