தனகோடி அரக்கு

ஆரணிப் பாலத்துக்குக் கீழே கமண்டல நாகநதியில் விட்ட எண்ணூறு வெண்கெண்டைகளும் நான்காம் நாள் அரக்கு நிறத்துக்கு மாறின. ஒன்றுகூடச் சாகவில்லை. முப்பது வருஷமாக அந்த ஆற்றில் காணாமல் போயிருந்த மீன் அது. மீன்வளத் துறை தொட்டியில் குஞ்சு பொரிக்கவைத்து, வளர்த்துக் கொண்டுவந்து விட்டது. விடுவதற்கு முன் சாயப் பட்டறைக்காரர்கள் எல்லோரும் கழிவுத் தண்ணீரை ஆற்றில் விடுவதில்லை என்று சூடம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்தார்கள். முதல் ஆளாக அணைத்தவர் தனகோடி. அவர் பட்டறையிலிருந்து ஆறு வரைக்கும் மண்ணுக்கடியில் ஒரு குழாய் போவது அவருக்கும் மனைவி ரேணுகாம்பாளுக்கும் மட்டும்தான் தெரியும்.

மீனைப் பார்க்க ஊரே திரண்டது. வேறு ஊராக இருந்தால் சிவப்பு என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். இது ஆரணி, நூலைப் பார்த்தே பட்டறையைச் சொல்கிற ஊர். "அட, இது நம்ம தனகோடி அரக்குங்க!" என்றார் ஜவுளிக்கடை கந்தசாமி, பாராட்டுகிற மாதிரியே. அந்த அரக்கு வேறெவன் கைக்கும் வராது என்று இருபது வருஷமாக மார் தட்டிக்கொண்டிருந்தவரும் தனகோடிதானே, யாரை நோவது! மீன்வளத் துறை அதிகாரி ஜெயப்ரியா ஒரு மீனை வாளியில் பிடித்து அவர் முன்னால் வைத்தார். "நீங்களே சொல்லுங்க சார், இது உங்க கலரா?"

"இல்லீங்க. யாரு கலரோ, எனக்கு இன்னா தெரியும்."

சொன்ன வாய் கசந்தது. வீட்டில் ரேணுகாம்பாள் சோற்றைப் போட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "சத்தியத்த மீறுனதகூட உடுங்க. பெத்த புள்ளைய ஊரு முன்னால நிக்க வச்சி, எனுது இல்லன்னு சொல்லிகினு வந்துட்டீங்களே." அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் பட்டப்பகலில், தெருவே பார்க்க, தானே கடப்பாரை பிடித்துக் குழாயைத் தோண்டி எடுத்து, மீன்வளத் துறை அலுவலக வாசலில் கொண்டுபோய்ப் போட்டார். "என் கலருதாம்மா," என்றார். பட்டறை எட்டு மாதம் மூடிக் கிடந்தது. ஆறு தெளிந்தது. மீன்கள் தெளியவில்லை, பொரிந்த குஞ்சுகளும் அவற்றின் குஞ்சுகளும் அரக்காகவே வந்தன. துறையும் கூடிப் பேசிப் பார்த்துவிட்டு, பதிவேட்டில் 'தனகோடிக் கெண்டை' என்றே எழுதிக்கொண்டது. பாலத்தில் அந்தப் பெயரோடு ஒரு பலகை வைப்பதென்று முடிவானது. மீன் படம் வரைய வந்த பழனி நாலு டப்பா பெயிண்டைக் கலக்கியும் அந்த நிறம் வராமல், கடைசியில் தனகோடியிடமே போய் நின்றார். அவர் கலந்து கொடுத்தார்.