வெளிர் நீலக் கவர்

போன மழையில் சாக்கடை அடைத்துக்கொண்டு தெருவே இடுப்பளவு தண்ணீரில் நின்றது. கடைசி வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்த பெரியவர், ஆள் போய்த் தூக்குவதற்குள் கட்டிலோடு மூழ்கிப் போனார். தண்ணீர் வடிந்ததும் தெருப் பெண்கள் சாக்கடையில் இறங்கி, கை மரத்துப் போகுமளவு பிளாஸ்டிக்கை வாரி வெளியே போட்டார்கள். பாதிக்கு மேல் வெளிர் நீலக் கவர்கள். அவர்களில் ஒருத்தியான தையல்காரிக்குப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது. அவளுடைய அண்ணன் வீட்டுப் பின்னறையில் மெஷின் போட்டு வெட்டி ஒட்டுகிற கவர் அது.

பெண்கள் சங்கம் வைத்தார்கள். அவள் பழைய துணியில் பை தைத்து வீடு வீடாகக் கொடுத்தாள். கடைக்காரர்கள்கூட ஒருவழியாக வழிக்கு வந்தார்கள். ஆனாலும் நீலக் கவர் எங்கிருந்தோ வந்துகொண்டுதான் இருந்தது.

அண்ணனிடம் இரண்டு தடவை போய்ச் சொல்லிப் பார்த்தாள். இந்த வயசில் வேறு என்ன வேலை தெரியும் என்றார். அப்பா போன பிறகு அவளை ஆளாக்கியவர். தங்கை வாய் திறக்க மாட்டாள் என்ற தைரியம் அவருக்கு.

அடுத்த மழைக்கு முன்னால், சங்கக் கூட்டத்துக்கு வந்த சுகாதார ஆய்வாளர், கவர் எங்கே தயாராகிறது என்று கேட்டார். அவள் எழுந்து முகவரியைச் சொன்னாள்.

மறுநாள் அதிகாரிகள் சீல் வைக்க வந்தபோது அண்ணன் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாசலில் தங்கையைப் பார்த்ததும் பிடியை விட்டார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"ரெண்டு தடவ சொன்னேனே அண்ணா."

"அப்ப தங்கச்சியாத்தானே சொன்ன."

அதன் பிறகு அவர் ஒரு கிடங்கில் காவலுக்குப் போனார். நாள் முழுக்க நின்றே பழக்கமில்லாத கால்கள் வீங்கின. நாலாம் மாதம் கேட் பக்கத்திலேயே சுருண்டு விழுந்தார். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

அந்த வருடம் எவ்வளவோ கொட்டியும் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. சங்கத்துப் பெண்கள் அவள் கையைப் பிடித்துச் சந்தோஷப்பட்டார்கள். அவள் குடையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவளை அண்ணி உள்ளே கூப்பிடவில்லை.

"அவர் தூங்குறார்," என்றாள்.

உள்ளேயிருந்து அண்ணன் இருமுவது கேட்டது. யார் வந்திருக்கிறது என்று குழறலாகக் கேட்பதும் கேட்டது. அண்ணி திரும்பிப் பார்க்காமல், யாருமில்லை என்றாள்.

தையல்காரி செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.