காபிக்காரர் பெண்டாட்டிக்கும் வரிசைதான்

என் வீட்டுக்காரர் போடும் காபிக்கு நான் ஏழாவது ஆளாக நின்று, காசு கொடுத்து, சீட்டு வாங்குகிறேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். முதல் மூன்று நாள் நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன்.

அந்தக் காபிக் கடையில் அவருக்குப் பதினாறு வருஷ வேலை. கல்லாவில் முதலாளி சீட்டு கிழித்துக் கொடுப்பார். பக்கத்திலேயே மெஷின் முன்னால் நின்று காபி போடுவது இவர். நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். இத்தனை நாள் ஊரின் அந்தக் கோடியில் இருந்த கிளையில் இருந்தேன். இப்போது காபிக் கடைக்கு மூன்று கடை தள்ளி மாற்றிவிட்டார்கள்.

மாற்றல் வந்த அன்றே சொல்லிவிட்டார். "கடைக்கு வந்தா நீயும் வரிசைலதான் நிக்கணும். பொண்டாட்டின்னு முன்னாடி கூப்பிட்டுக் கொடுத்தா நல்லா இருக்காது."

"நான் எப்பங்க கேட்டேன்?" என்றேன். நாத்தனாருக்குப் போன் போட்டு, உன் அண்ணன் எவ்வளவு நேர்மை பார் என்று தம்பட்டம் வேறு அடித்தேன்.

உள்ளுக்குள் எனக்கு வேறொரு ஆசை இருந்தது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவர் கையால் ஒரு காபி நான் குடித்ததில்லை. "நாள் பூரா போடுறேன், வீட்லயும் போடணுமா?" என்பார். நியாயம்தான். அதனால் காசு கொடுத்தாவது குடித்துவிடலாம் என்று நினைத்தேன். வரிசையில் நிற்கும்போது தலையைத் தூக்கி ஒரு தடவை என்னைப் பார்ப்பார், இவள் என் ஆள் என்கிற மாதிரி ஒரு சின்னச் சிரிப்பு வரும், அது போதும் என்றிருந்தேன். அவர் சீட்டைப் பார்த்தார், பாலைப் பார்த்தார், ஆவி வரும் குழாயைப் பார்த்தார். ஆளைப் பார்க்கவில்லை. எல்லாரிடமும் அப்படித்தானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

நாலாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. எட்டு மணிக்குப் போகிறவள் எட்டேகாலுக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். அன்றுதான் அவளைப் பார்த்தேன்.

மழைக்கோட்டு போட்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். வரிசையை ஏறெடுத்தும் பார்க்காமல் நேராக மெஷின் பக்கம் போனாள். அவள் கதவைத் தள்ளுவதற்கு முன்பே இவர் தலை நிமிர்ந்துவிட்டது. மூடி போட்ட கப் ஒன்று தயாராக இருந்தது. சீட்டும் இல்லை, கேள்வியும் இல்லை.

"மழை ஜாஸ்தியா?" என்று கேட்டார்.

"முன்னாடி என்ன வருதுன்னே தெரியல" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். இவர் வாய்விட்டுச் சிரித்தால் மேலே ஒரு தெற்றுப்பல் தெரியும். அந்தப் பல்லை நான் பார்த்து எத்தனை மாசம் ஆயிற்று என்று யோசித்துக்கொண்டே நின்றேன். அவள் காசை வைத்துவிட்டு ஓடிப்போனாள்.

எனக்கு வயிறு எரிந்தது. இதை நாகரிகமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தாலி கட்டிய நான் ஏழாவது ஆள், எவளோ ஒருத்தி முதல் ஆளா?

அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே, ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஆரம்பித்தேன். "ஏங்க, கடைக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் வராங்களா?"

"எல்லாரும் தெரிஞ்சவங்கதான்" என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

மடியில் கனமிருப்பவர் இவ்வளவு சுருக்கமாகப் பேசுவாரா என்று ஒரு மனம் சொன்னது. அப்படிப்பட்டவர்தான் சுருக்கமாகப் பேசுவார் என்று இன்னொரு மனம் சொன்னது. மறுநாள் அவர் மீசையைக் கத்தரித்தபோது பின்னால் நின்று நேரம் பார்த்தேன். வழக்கத்தைவிட இரண்டு நிமிஷம் கூடுதலாகத் தெரிந்தது. அதற்கு முன்னால் ஒருநாளும் நான் நேரம் பார்த்ததில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

மழையும் விடவில்லை, மழைக்கோட்டும் விடவில்லை. எட்டு பதினெட்டுக்கு வருவாள், எட்டு இருபதுக்குப் போய்விடுவாள். எட்டு மணிக்கே குடித்துவிட்டுப் போயிருக்கலாம். அவளைப் பார்ப்பதற்காகவே எட்டேகாலுக்குப் போனேன்.

பதினோராம் நாள் வரிசை நகரவே இல்லை. முன்னால் ஒரு பெண் போனைப் பார்த்துப் பார்த்து ஆறு பேருக்குக் காபி சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவருக்கு நுரை வேண்டாமாம், ஒருவருக்கு நுரை மட்டும் போதுமாம்.

"ஏம்மா, ஆபீஸையே இங்க கூட்டிட்டு வந்திருக்கலாமே?" என்று பின்னாலிருந்து கேட்டேன். அடுத்தவர் சில்லறைக்குப் பையைத் துழாவிக்கொண்டு நின்றார். "வீட்லயே எடுத்து வச்சுக்கிட்டு வரக்கூடாதா சார்?" என்றேன். என் முன்னால் நின்ற இரும்புக் கடைக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு அரையடி தள்ளி நின்றுகொண்டார். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்க வேண்டும்.

இவர் தலை நிமிர்ந்தது. கதவு திறந்தது. மழைக்கோட்டு.

என் கால் தானாக வரிசையை விட்டு வெளியே வந்தது. அவள் கை நீட்டுவதற்குள் அந்தக் கப்பை நான் எடுத்துவிட்டேன்.

"இது எனக்கு. நான் இவர் பொண்டாட்டி" என்றேன்.

ஆவிக் குழாய் மட்டும் சீறிக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "சரிங்க, நீங்க குடிங்க" என்று சொல்லிவிட்டு வந்த வேகத்திலேயே ஓடினாள். சண்டைக்கு வந்தால் சமாளிக்கத் தயாராக இருந்த எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அம்மா," என்றார் இரும்புக் கடைக்காரர், "அவங்க பஸ் ஓட்டறவங்கம்மா. எதிர்ல பாருங்க."

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எதிர்ப்பக்க நிறுத்தத்தில் பஸ் நிறையக் கூட்டம். மழைக்கோட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தது.

"ரெண்டு நிமிஷம்தான் வண்டி நிக்கும். இத விட்டா மத்தியானம் வரைக்கும் அவங்களால இறங்க முடியாது. போன வருஷம் அண்ணன்தான் வரிசைல நின்ன ஒவ்வொருத்தர்கிட்டயும் வந்து, அவங்களுக்கு முன்னாடி கொடுக்கட்டுமான்னு கேட்டாரு. எல்லாரும் சரின்னோம். உங்களுக்கும் கேட்டிருந்தா விட்டிருப்போமே."

பஸ் கிளம்பிப் போனது. நான் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"அத வச்சுட்டு வரிசைல போய் நில்லு" என்றார் இவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

முகத்தில் அசடு வழிய, கப்பை வைத்துவிட்டுக் கடைசியில் போய் நின்றேன். மருந்துக் கடைக்கு ஓடியிருக்கலாம். வீம்பு விடவில்லை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். தப்பு தண்டா ஒன்றும் இல்லை, பாவம் ஒரு பஸ் ஓட்டுநர். ஆனால் வயிற்றெரிச்சல் அடங்குவதற்குப் பதிலாகக் கூடியது. தப்பு இருந்தால் ஒரு பிடி பிடித்திருக்கலாம். இதில் எதைப் பிடிப்பது? அந்தப் பஸ்ஸின் பிரேக் சத்தம் கேட்டே இவர் தலை நிமிர்கிறது. அவளுக்கு எத்தனை நிமிஷம் என்று தெரிகிறது. வாய் திறந்து யாரிடமும் எதுவும் கேட்காத மனுஷன், அவளுக்காக ஒவ்வொரு ஆளிடமும் போய்க் கேட்டிருக்கிறார். எனக்காகக் கேட்கலாம் என்று இவருக்குத் தோன்றவே இல்லை.

என் முறை வந்தபோது எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

"சர்க்கரை?" என்றார், சீட்டைப் பார்த்தபடி.

பத்து நாளும் இதே கேள்விதான். பத்து நாளும் "வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறேன். வீட்டில் நான் சர்க்கரையை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. இன்று அதைச் சொல்ல மனம் வரவில்லை.

"உங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

கரண்டி சர்க்கரை டப்பாவுக்கு மேலேயே நின்றது. அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். படிக்காத பாடத்திலிருந்து கேள்வி வந்த பிள்ளை மாதிரி முழித்தார்.

"அந்த டிரைவரம்மாவுக்கு எவ்ளோ?"

"ஒண்ணரை."

நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. காது சிவந்து, கரண்டியைக் கீழே வைக்கப் போனார்.

"எனக்கும் ஒண்ணரையே போடுங்க" என்றேன்.

போட்டார். நிதானமாகக் கலக்கிக் கையில் கொடுத்தார். அவர் எதிரிலேயே நின்று, நாக்கில் ஒட்டும் அந்த இனிப்பைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

"நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

"அவங்களுக்குச் சரியா இருக்கும்" என்றேன்.