கடைசித் தட்டில் வளர்ந்த பைன்

என் தங்கைக்குக் கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம், பைன் மரத் திசு போதும். விதைக்கருவில் ஒரு துணுக்கை எடுத்து, கண்ணாடித் தட்டில் சத்துக்கூழ் மேல் வைத்து வளர்ப்பாள். இலை, வேர் ஒன்றும் கிடையாது. மாவு உருண்டை மாதிரி வெளுப்பாக ஒரு கட்டி. அதற்குப் போய் இந்தப் பாடா என்று நான் கேட்காத நாளில்லை. நானும் அதே ஆய்வுக்கூடம்தான். கொழுப்பு அமிலங்களைப் பிரித்துக் காட்டும் கருவி என் பொறுப்பு.

பைன் விதையில் மற்ற மரங்களில் அரிதான ஒரு கொழுப்பு அமிலம் உண்டு. தட்டில் வளரும் திசுவும் அதைத் தயாரிக்கிறது என்பது அவள் கட்சி. நிரூபித்தால்தான் பட்டம், கெடுவோ அடுத்த மாதம்.

அந்த நேரம் பார்த்து வளர்ப்பறையின் ஏசி படுத்துவிட்டது. விடுமுறை முடிந்து கதவைத் திறந்தால் அத்தனை தட்டும் பழுப்பு. தப்பியது ஒன்றே ஒன்று. அதிலும் ஓரம் கறுக்க ஆரம்பித்திருந்தது. புதிதாக வளர்க்க ஒரு வருடமாவது ஆகும்.

"அக்கா, கொஞ்சமா கிள்ளித் தர்றேன். அதுல பாத்துச் சொல்லேன்."

"அந்த அமிலம் இருக்கிறதே துளியூண்டுடி. முழுசும் வேணும்."

"முழுசும் தந்தா செத்துப்போயிடுமே."

"தரலைன்னாலும் சாகத்தான் போகுது."

சொல்லியிருக்கக் கூடாது. உதட்டைக் கடித்துக்கொண்டு அவளே பீங்கான் உரலில் போட்டு அரைத்தாள். என்னைத் தொட விடவில்லை. கொழுப்பைப் பிரித்தெடுத்துக் கருவிக்குள் செலுத்தினோம். திரையில் கோடு ஊர்ந்தது. அந்த அமிலம் தெரிய வேண்டிய இடத்தில், குட்டியாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஒரு முகடு எழுந்தது. என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியர் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். நல்ல மனிதர், அதுதான் கொடுமை. திட்டவும் வழியில்லை.

"நீ சொன்னது சரிதாம்மா, இருக்கு. ஆனா ஒரு தடவை வந்ததை யாரு ஒத்துக்குவாங்க? இன்னும் ரெண்டு தடவை இதே மாதிரி வரணுமே."

எங்களுக்கும் தெரிந்த விதிதான். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

"எதை வச்சு சார்?" என்றாள் தங்கை.

அவர் என்னைப் பார்த்தார். நான் யாரைப் பார்ப்பது?